கடைசிக் கிளாசுக்குப் பிறகு வரும் மூன்று நாட்கள்

கொழும்புச் செட்டியார் தெருவின் நகைப் பட்டறை ஒன்றில் என் பெரியப்பா முப்பது வருடம் வேலை செய்தார். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியிலிருந்து வந்த பத்தர். தோட்டில் கடுகளவு பொன்மணியைச் சாவணத்தால் எடுத்து வைத்து, பொடி தூவி, ஊதுகுழலால் ஒரே மூச்சில் ஊதி ஒட்டிவிடுவார். கடைசி ஐந்தாறு வருடங்களில் அந்தக் கை ஒரு கூலி கேட்கத் தொடங்கியது. காலையில் அரைக் கிளாஸ் சாராயம் உள்ளே போனால்தான் சாவணம் ஆடாமல் நிற்கும். போகாவிட்டால் பிளேன்டீக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோவார்.

விடிந்ததும் குடிக்கிறாரே, வெட்கம் கெட்ட மனுஷன் என்றுதான் வீட்டில் நாங்கள் நினைத்தோம். அந்த அரைக் கிளாஸை அவர் வெறிக்காகக் குடிக்கவில்லை, மருந்தாகக் குடித்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

மூளையில் நரம்புக்கலங்களைத் தூண்டிவிடும் இரசாயனங்களில் முக்கியமானது குளூட்டமேற். அவற்றை அடக்கி வைப்பதில் முக்கியமானது காபா. தூண்டலும் அடக்கலும் சரிக்குச் சரியாக நிற்கும்வரை கை நேராக நிற்கும், தூக்கம் வரும், நெஞ்சு படபடக்காது. மதுசாரம் உள்ளே போனால் காபாவின் வேலையைக் கூட்டுகிறது, குளூட்டமேற்றின் வேலையைக் குறைக்கிறது. முதல் கிளாசில் கவலை தணிவதும், நாலாவதில் நாக்குக் குழறுவதும், அளவு மீறிப் போனால் மூச்சே அடங்கிவிடுவதும் இதனால்தான்.

ஆனால் தினமும் இப்படி அடக்கிக்கொண்டிருந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவை வாங்கிக்கொள்ளும் இடங்களை மந்தப்படுத்தும். குளூட்டமேற்றை வாங்கும் இடங்களைப் பெருக்கும். சித்திரை வருடப்பிறப்புக்குக் கயிறிழுப்பார்களே, அது மாதிரி: எதிர்ப்பக்கம் பலமாக இழுக்க இழுக்க, இந்தப் பக்கம் ஆட்களைச் சேர்த்துச் சேர்த்துச் சரிக்கட்டுகிறது. சில வருடங்கள் போனதும் நடுக்கோடு ஆடாமல் நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் “அவர் எவ்வளவு குடித்தாலும் தெளிவாக இருப்பார்” என்று மெச்சிக்கொள்வார்கள். உண்மையில் இரண்டு பக்கமும் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு பக்கம் கயிற்றைத் திடீரென்று விட்டால் மற்றப் பக்கம் மொத்தமாகச் சரிந்து விழும்.

காலை நடுக்கம் அந்தச் சரிவின் தொடக்கம். கணக்குப் பார்த்தால் தெளிவாகும். 33.5 வீதச் சாராயத்தில் அரைப் போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர், ஏறத்தாழ 100 கிராம் சுத்த மதுசாரம். சாதாரண ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். நெடுநாள் குடிப்பவரின் ஈரல் அதைவிட வேகமாக எரிக்கப் பழகியிருக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கிளாஸைக் கீழே வைத்தால் விடியற்காலையில் இரத்தத்தில் மதுசாரம் வற்றிக்கொண்டு வரும். அது முழுதாக வற்ற வேண்டும் என்றுகூட இல்லை. அளவு வேகமாக இறங்கினாலே போதும், மூளை சேர்த்து வைத்த தூண்டல் தலை தூக்கும். கை உதறும், வியர்க்கும், குமட்டும், இனம் தெரியாத ஒரு பயம் வரும். அரைக் கிளாஸ் போட்டால் பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கும். அடுத்த நாளும் அதே கதை.

போயா நாளில், அதாவது பௌர்ணமியன்று, தவறணை பூட்டு. முந்தின நாளே போத்தல் வாங்கி ஒளித்து வைக்கிறவர்களைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அதில் பாதிப் பேருக்காவது அது ஆசையால் வருவதில்லை, பயத்தால் வருவது என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியப்பா ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தினார். திங்கள் இரவு கடைசிக் கிளாஸ். மறுநாள் காலை பெரியம்மா அவரைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிப் போனார். மெழுகுதிரி கொளுத்தி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திரி பற்றவே இல்லை; அவருடைய கை அப்படி ஆடியது. பெரியம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கொளுத்த முடிந்தது. வழியெல்லாம் பெரியம்மாவுக்குச் சந்தோஷம். யாரும் டொக்டரிடம் போகவில்லை. நல்ல காரியத்துக்கு டொக்டர் எதற்கு?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கடைசிக் கிளாசுக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் நித்திரையின்மையும் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு சரி. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். சிலருக்கு 6 முதல் 48 மணி நேரத்துக்குள், முன்பு ஒருபோதும் வராத வலிப்பு வரும். சிலர் இல்லாத குரலைக் கேட்பார்கள், இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார்கள். இன்னும் சிலருக்கு, இரண்டு நாள் தாண்டி, எல்லாம் முடிந்தது என்று வீட்டார் மூச்சு விடுகிற நேரத்தில், மிகக் கடுமையான கட்டம் வரும். காய்ச்சல், குதிக்கும் நாடி, ஏறிய இரத்த அழுத்தம், இடமும் காலமும் தெரியாத குழப்பம். தோமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1813இல் இதற்கு வைத்த பெயர் டெலீரியம் ட்ரெமன்ஸ். நடுக்கத்தோடு வரும் சித்தக் குழப்பம் என்று பொருள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் குடிக்கக்கூடியது.

வியாழன் இரவு பெரியப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து படுக்கை விரிப்பைக் கூர்ந்து பார்த்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் சாவணம் மாதிரி கூடின. விரிப்பிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்தார், உள்ளங்கையில் வைத்தார், மறுபடி எடுத்தார். “இஞ்சாருங்கோ, அங்க ஒண்டுமில்லை” என்று பெரியம்மா அழுதார். “லைற்றைப் போடு, பொடியெல்லாம் சிந்திப் போச்சு” என்றார் அவர். பொன் பொடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தை உப்பி, இல்லாத ஊதுகுழலில் ஊதத் தொடங்கினார்.

யாரோ செய்வினை என்றார்கள். மந்திரிக்க ஆள் தேடினார்கள். இந்தக் குழப்பத்தில் மனிதர்கள் தங்கள் தொழிலின் அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்வது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த அறிகுறி. அதற்குத் தனிப் பெயரே உண்டு. எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தாதியாக வேலை செய்தவர், எட்டிப் பார்த்துவிட்டு “உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்று சத்தம் போட்டதால்தான் அவர் பிழைத்தார்.

இதெல்லாம் குடியை நிறுத்துவதால்தான் வருகிறதா என்பதிலேயே மருத்துவ உலகில் நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. குடிகாரர் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால் வருகிறது என்று பலர் நம்பினார்கள். 1955இல் ஹரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பரிசோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. அமெரிக்காவின் கென்டக்கியில் பத்து ஆண்களுக்கு நல்ல சாப்பாடும் விட்டமின்களும் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் மதுசாரமும் கொடுத்தார்கள். சிலருக்கு அது 87 நாள் வரை நீண்டது. பிறகு திடீரென்று நிறுத்தினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்கே நடுக்கமும் வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்தன. இன்றைக்கு எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத பரிசோதனை அது. ஆனால் மன உறுதி இல்லாதவனுக்குத்தான் கை நடுங்கும் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? டயசிப்பாம், குளோர்டயசிபொக்சைட் போன்ற மாத்திரைகள்தான் முதல் ஆயுதம். மதுசாரம் தொட்ட அதே காபா வாங்கியை இவையும், வேறோர் இடத்தில், தொடுகின்றன. கயிற்றை ஒரேயடியாக விடாமல், ஐந்தாறு நாளில் விரல் விரலாகத் தளர்த்துகிற வேலை. நடுக்கம், வியர்வை, பதற்றம், குமட்டல் என்று பத்து விடயங்களுக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளிக்கேற்ப அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். இதே மாத்திரையை யாரிடமாவது வாங்கி வீட்டில் கொடுக்கலாமே என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேல் ஒரு கிளாஸ் சாராயமும் போனால் இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

அடுத்தது தயமின், அதாவது விட்டமின் பீ1. இதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. தயமின் குறைந்தால் வரும் பெரிபெரி நோயின் பெயர், முடியாது என்று பொருள்படும் ‘பெரி’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். தீட்டிய அரிசியை மட்டும் தின்றவர்களின் நோய் அது. மதுசாரம், குடல் தயமினை உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. குடிக்கிறவர் சாப்பிடுவதும் குறைவு. உடம்பில் இருக்கும் கையிருப்போ இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் காணும். மூளை குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். அது தீர்ந்த நிலையில் குழப்பமும், கண் அசைவில் கோளாறும், தள்ளாட்டமும் வரும். கார்ல் வெர்னிக்கே என்ற ஜேர்மன் மருத்துவர் 1881இல் விபரித்த நோய் இது. தள்ளாடுகிறவரைப் பார்த்து “திரும்பவும் குடித்துவிட்டான்” என்று வீட்டார் ஏசுவார்கள். நாள் போனால் புதிய நினைவு எதுவும் பதியாத நிலைக்கு அவர் போய்விடக்கூடும். அதனால்தான் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன்னரோ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போடுகிறார்கள்.

பெரியப்பா அதற்கு முன்பும் ஏழெட்டுத் தடவை நிறுத்தியவர். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இரண்டு நாள், கதிர்காமத்துக்குப் போகும்போது மூன்று நாள். முதல் தடவைகளில் கை மட்டும் ஆடியதாகப் பெரியம்மாவுக்கு ஞாபகம். இப்படி விட்டு விட்டுத் தொடங்கும்போது, ஒவ்வொரு முறையும் நரம்புகள் முன்னையைவிட எளிதில் பற்றிக்கொள்கின்றன என்று பாலெஞ்சர், போஸ்ட் என்ற இரு மனநல ஆய்வாளர்கள் 1978இல் எழுதினார்கள். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதை இந்தத் தடவைக்குச் சாட்சியாக எடுக்க முடியாது. முன்பு வலிப்போ சித்தக் குழப்பமோ வந்தவர், எழுந்ததும் குடித்தால்தான் நிதானம் வருகிறவர், ஈரல் நோயோ இருதய நோயோ உள்ளவர் வீட்டில் தானாக நிறுத்தவே கூடாது. டொக்டரைப் பார்ப்பதுதான் அவருடைய முதல் அடி. கிளாஸைக் கீழே வைப்பது அதற்கு அடுத்தது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கறிக்குள் தெரியாமல் குளிசை கலந்து கொடுக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு. டைசல்பிரம் என்ற அந்த மருந்து மதுசாரத்தோடு சேர்ந்தால் ஆளைப் படுத்தும் என்பது 1948இல் டென்மார்க்கில் வெளியானது. ஈரல் மதுசாரத்தை முதலில் அசற்றல்டிகைட் என்ற நச்சாக மாற்றும், பிறகு அந்த நச்சை உடைக்கும். மருந்து இரண்டாவது படியைத் தடுக்கிறது. குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். தெரிந்து, சம்மதித்து, டொக்டரின் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது காவல். தெரியாமல் விழுங்கிவிட்டு அரைப் போத்தல் குடிப்பவரின் உயிரே போகலாம். தாய்மார் அழுதுகொண்டே செய்கிற காரியம்தான், ஆனாலும் செய்யாதீர்கள்.

கொழும்பில் எங்கே போவது? அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926, இருபத்துநாலு மணி நேரமும். ஹோர்டன் பிளேஸில், குடியிலிருந்து மீள உதவும் நிலையமான சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர இருக்கிறது. குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் மட்டும் போயும் பேசலாம். வலிப்பு, காய்ச்சலோடு குழப்பம், ஆள் அடையாளம் தெரியாத பேச்சு என்றால் யோசிக்கவே வேண்டாம், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. டொக்டரிடம் மூன்று விடயத்தை மறைக்காமல் சொன்னால் பாதி வேலை முடிந்தது: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசிக் கிளாஸ் எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது என்ன நடந்தது. மானத்துக்குப் பயந்து அரைப் போத்தலைக் கால் போத்தல் என்று சொல்கிறவர்கள் அதிகம். மருந்தின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.

உடம்பு ஒரு வாரத்தில் தேறினாலும் நித்திரை வாரக்கணக்கில் கெட்டிருக்கும். அப்புறம் ஆசை. மாலை ஆறு மணி, தவறணைச் சந்தி, பொரித்த கச்சான் வாசம், எதுவும் போதும். ஆனால் அந்த ஆசை அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கும். பெரியப்பா அந்த அரை மணி நேரத்தைக் கடக்க வேலை முடிந்ததும் ஆமர் வீதிப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு நடந்தார். ஆசையைக் குறைக்க நல்ற்றெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடி மனம் விட்டுப் பேசும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் கூட்டங்கள் கொழும்பிலும் நடக்கின்றன. ஒருவருக்கு மருந்து பிடிக்கும், இன்னொருவருக்குப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் டொக்டர் பெரியப்பாவைக் கையை நீட்டச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி, மேலே ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்தார். அது படபடவென்று அடித்தது, கீழே விழுந்தது. பெரியப்பா வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் காலையில், பிளேன்டீக்கு முன்னால், கலண்டரில் கிழித்த தாளை எடுத்துத் தானே புறங்கையில் வைத்துப் பார்ப்பார். பெரியம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது வாரம் ஒரு நாள் தாள் அசையவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.