காக்கா ஆழியின் உண்மைப் பெயர்

எண்ணூர்க் கழிமுகத்தில் நீரில் அமர்ந்தபடி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு ஆற்றின் தரை கண்ணால் காணாமலே தெரியும். அந்தத் தரை மாறிவிட்டது என்று முதலில் சொன்னவர்களும் அவர்களே. விரல் புதையும் சேறு இருந்த இடங்களில் கூர்மையான ஓடுகள் பாய் விரித்தாற்போல் படர்ந்து, கையையும் காலையும் கிழிக்கத் தொடங்கின. பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்க வேண்டிய இறாலுக்கு இடமில்லாமல் போயிற்று. மீனவர்கள் அந்தப் புதிய சிப்பிக்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டார்கள்.

இளம் ஆய்வாளரின் வேலை இங்கிருந்து தொடங்குகிறது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்களும், அதை முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களும்தான் இத்தகைய கள ஆய்வின் பெரும்பகுதியைத் தோளில் சுமக்கிறார்கள். அவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, இது எந்த இனம் என்பது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் சிக்கல் விளங்கும். சில சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்த ஓடு ஒன்றில் கறுப்பாகவும், மற்றொன்றில் பழுப்பாகவும், இன்னொன்றில் பச்சையாகவும் இருக்கிறது. பச்சை நிறத்தில் இருப்பவற்றை, நம் கடற்கரைப் பாறைகளில் வளரும் பச்சை ஆழியின் குஞ்சுகள் என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு. ஆகவே நிறத்தை நம்பாமல் டிஎன்ஏவை நாட வேண்டியிருக்கிறது.

விலங்குகளின் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு. அதிலுள்ள சிஓஐ என்னும் மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி, ஒரே இனத்துக்குள் பெரிதும் மாறாமலும் இனத்துக்கு இனம் தெளிவாக வேறுபட்டும் இருப்பதால், 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் குழுவினர் அதை விலங்கினங்களின் அடையாளக் குறியாக முன்வைத்தனர். சிப்பியின் சதையில் அரிசியளவு வெட்டி எடுத்து, நொதியால் கரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் அந்தப் பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் படியெடுத்து, எழுத்து வரிசையைப் படித்து, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்த வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள்.

சதையை எங்கிருந்து வெட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாடநூலை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பெரும்பாலான விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. இந்தச் சிப்பியிலோ, ஆண் குஞ்சுகள் தந்தையின் மைட்டோகாண்ட்ரியாவையும் பெறுகின்றன. அது அவற்றின் விந்துச் சுரப்பியில் குவிகிறது. ஆண் சிப்பியின் இனப்பெருக்க உறுப்பிலிருந்து சதையை எடுத்தால் தந்தைவழி வரிசை கிடைத்து, ஒரே இனம் இரண்டு இனங்களாகத் தோன்றக்கூடும். பாதத் தசையிலிருந்தோ ஓட்டை மூடும் தசையிலிருந்தோ எடுத்தால் அந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது.

காக்கா ஆழியின் அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகளே அதன் தாயகம். பிலிப்பைன்ஸிலும் சிங்கப்பூரிலும் கண்டறியப்பட்ட பிறகு, 2019இல் கேரளக் காயல்களிலிருந்து அது ஆய்விதழ்களில் பதிவாயிற்று. கப்பல்கள் நிலைப்புக்காக அடித்தட்டில் ஏற்றிவரும் நீரில் அதன் இளவுயிரிகள் பயணம் செய்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. அந்த நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிலக்கரியைச் சுமந்து எண்ணூருக்கு வரும் கப்பல் நிறைசுமையோடு வருவதால், அது இங்கே இறக்கும் நீர் குறைவாகத்தான் இருக்கும்; சரக்கு ஏற்றிச் செல்ல வெறுமையாக வரும் கப்பலையும், கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிவரும் சிப்பிகளையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது என் எண்ணம்.

வந்த சிப்பி நிலைத்துவிட்டதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. அதன் பாதத்திலுள்ள பள்ளத்தில் சுரக்கும் புரதம், நீருக்கடியிலும் ஒட்டும் இழைகளாக இறுகுகிறது. அந்த இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சிப்பிகள் வண்டலைப் பிடித்து வைத்து, சேற்றின் மேல் மூடிபோலப் படிகின்றன. இரண்டாவது, அது தாங்கும் உவர்ப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். இந்தச் சிப்பியோ 2 கிராம் முதல் 40 கிராம் வரை தாங்குவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாறு பெருகி முகத்துவாரத்து நீர் உப்புக் குறைந்துபோகும் நாட்களையும், கோடையில் உப்பு ஏறும் நாட்களையும் அது ஒன்றுபோலக் கடந்துவிடும்.

அப்படியானால் இயந்திரத்தால் வாரி எடுத்துவிடலாமே என்று தோன்றும். வாரும்போது பிய்ந்து நீரில் விழும் கொத்துகள் இறப்பதில்லை. வேறிடத்தில் புதிதாக இழை விட்டுப் பிடித்துக்கொள்கின்றன. வாரிய கொத்துகளைக் கரையேற்றி வெயிலில் காய வைத்தால்தான் அவை மடியும். சிப்பிப் பண்ணைகளில் முட்டையிட வைப்பதற்கு வெப்ப அதிர்ச்சி கொடுப்பது வழக்கம் என்பதால், இனப்பெருக்கப் பருவத்தில் அவற்றைக் கலைப்பது முட்டையிடத் தூண்டி, ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே மாதந்தோறும் சிப்பிகளைத் திறந்து, இனப்பெருக்கச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து, முட்டை முதிரும் மாதங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு மழையையும் ஓராண்டு வறட்சியையும் வைத்து முடிவு சொல்ல இயலாது. ஆய்வுத் திட்டங்களோ பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன.

அதற்கு இணையாக நடக்க வேண்டிய மற்றொரு வேலை, கையளவு தகடுகளைக் கயிற்றில் கட்டிக் கழிமுகத்தின் பல இடங்களில் தொங்கவிடுவது. சில வாரங்களுக்கு ஒருமுறை அவற்றை எடுத்து, புதிதாக ஒட்டியிருக்கும் கடுகளவுக் குஞ்சுகளைக் கைப்பூதக்கண்ணாடியால் எண்ணினால், இளவுயிரிகள் எந்தத் திசையில் எவ்வளவு பரவுகின்றன என்பது தெரிந்துவிடும். தகட்டை எங்கே கட்ட வேண்டும் என்பதை வரைபடம் காட்டாது. நீரோட்டம் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் சேறு இன்னும் மென்மையாக இருக்கிறது, எங்கே இறால் இன்னும் கைக்கு அகப்படுகிறது என்பதைப் பறியோடு நாள்தோறும் நீரில் அமர்பவர்கள்தான் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் சுட்டிய இடத்தில் முதல் தகட்டைக் கட்ட வேண்டும்.