எடைக்கல்லைக் கூடவே கொண்டுபோன தொலைநோக்கி

2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட் கிளம்பியது. ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை பக்கம் இருக்கும் நமக்கு ராக்கெட் புதிதல்ல. மொட்டை மாடி ஏறினால் பழவேற்காடு ஏரிக்கு அப்பால் புகைத்தடம் தெரியும். புகை கலைந்ததும் இறங்கிவிடுகிறோம். 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கருவி சொல்லும் எண்களை நம்பலாமா என்று பார்க்கிற வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஏவுவதைவிட இதுவே கடினமான வேலை என்பேன்.

அதிலுள்ள மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் கண் ஒரு சிலிக்கான் சில்லு. எக்ஸ் கதிர்த் துகள் ஒன்று அதில் விழுந்தால், ஏறத்தாழ 3.65 எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலின் அலகு) ஆற்றலுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில் எலக்ட்ரான்கள் விடுபடும். அவற்றை எண்ணினால் துகளின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆனால் விண்வெளியில் வேகமாகப் பாயும் புரோட்டான்கள் சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்துகின்றன. வழியில் சில எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ள, எண்ணிக்கை குறைகிறது. ஆற்றலும் குறைத்தே காட்டப்படுகிறது.

மீன் ஏலத்தில் தராசின் மேல் சந்தேகம் வந்தால் முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம் அல்லவா? இங்கே அந்தக் கல் இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருள். அது மாங்கனீஸாக மாறும்போது 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரை வெளிவிடும். சில்லின் நான்கு மூலைகளிலும் இந்தக் கதிர் விழுந்துகொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துகளுக்கும் சுமார் 1,600 எலக்ட்ரான்கள் வர வேண்டும். குறைந்தால், குறைந்த அளவுக்குக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

சரி, ஆனால் இந்தக் கல் கரைகிறது. சுமார் 2.7 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். 2023 முடிவதற்குள் ஏவிய நாளில் இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அதே அளவு துகள்களைச் சேர்க்க எட்டு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். தவிர, அது ஆற்றலைத்தான் சரிபார்க்கும். ஒரு விண்பொருள் எவ்வளவு பிரகாசம் என்பதைச் சரிபார்க்க வானத்தையே நம்ப வேண்டும்.

அதற்குப் பல பத்தாண்டுகளாகக் கைகொடுத்தது நண்டு நெபுலா. 1054-ல் வெடித்துத் தெரிந்த விண்மீனின் மிச்சம். மாறாத பிரகாசம் என்று நம்பி, ‘ஒரு நண்டு’ என்பதையே அலகாக வைத்திருந்தார்கள். 2008-க்கும் 2010-க்கும் இடையில் அது சுமார் 7 சதவீதம் மங்கியது. ஒரே ஒரு கருவி பார்த்திருந்தால் கருவிதான் கெட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். வெவ்வேறு செயற்கைக்கோள்கள் ஒரே சரிவைக் காட்டியதால்தான் மாறியது நண்டு என்று தெரிந்தது. அஸ்ட்ரோசாட்டின் இன்னொரு எக்ஸ் கதிர்க் கருவியான லாக்ஸ்பிசியையும் அமெரிக்காவின் எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியான நூஸ்டாரையும் ஒரே நேரத்தில் ஒரே இலக்கை நோக்கித் திருப்பி ஒப்பிட்டதும் இதனால்தான்: அந்த நேரத்தில் இலக்கு எப்படி மாறினாலும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தெரிய வேண்டும்.