உங்கள் மின்னூல் யாரிடம் இருக்கிறது?

நூல்களை மின்னூலாக்கித் தருவது என் தொழில். எழுத்தாளர்களும் சிறு பதிப்பகத்தாரும் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "ஃபைல் எல்லாம் ரெடியா இருக்குங்க, மாத்திக் குடுத்தா போதும்." அந்த ஃபைல் வந்து சேர்ந்த பிறகுதான் வேலை எவ்வளவு என்று தெரியும். சிலரிடமிருந்து அச்சுக்குப் போன பிடிஎஃப் மட்டும் வரும். சிலரிடமிருந்து பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு வரும். அந்த மென்பொருளை அடோபி கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. "டிடிபி செஞ்சவர்கிட்டதான் இருந்துச்சு, அவர் கடையை மூடிட்டாரு" என்ற பதிலும் உண்டு. தான் எழுதிய நூலின் எழுத்துப் பிரதி எழுத்தாளரிடமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைக்கும்.

ஒரு நூலை மின்னூலாக வெளியிடுவது இன்று ஒரு மாலைப் பொழுதில் முடிகிற காரியம். அச்சகம் வேண்டாம், கிடங்கு வேண்டாம், விற்காத பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்க வேண்டாம். இந்த வசதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வெளியிட்டது பத்து ஆண்டு கழித்தும் திறக்குமா, அதைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. என்னிடம் வருகிற சிக்கல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் எழுத்துரு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் பொதுவான எண் தரும் யூனிகோடு தரத்தில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் அச்சுத் துறை அதன் பக்கம் திரும்ப வெகுகாலம் பிடித்தது. பக்க வடிவமைப்புக்கு எல்லோரும் நம்பியிருந்த மென்பொருள்களில் யூனிகோடு தமிழ் உடைந்து உடைந்து தெரிந்ததே முக்கியக் காரணம். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012-இல் சிஎஸ்6 பதிப்போடுதான் வந்தது. அதுவரை பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில், அதாவது எழுத்தைக் கணினிக்குள் பதியும் முறையில், நூல்கள் அச்சாயின. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் இரண்டையும் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியாக்கத்தையும் ஏற்றது. ஒரே பதிப்பகத்தின் நான்கு நூல்களைத் திறந்தால் நான்கும் நான்கு குறியாக்கத்தில் இருப்பதை இன்றும் பார்க்கிறேன்.

பழைய எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன என்பது தெரிந்தால் ஆபத்து புரியும். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்தக் குறிகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகி ஆங்கிலக் குப்பை தெரியும். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. பார்வையற்றோருக்காக உரக்கப் படிக்கும் மென்பொருளுக்கும் இல்லை. தமிழில் எழுதிய ஒரு நூல் கணினியைப் பொறுத்தவரை எந்த மொழியிலும் இல்லாமல் கிடக்கிறது.

மாற்றிக் கொடுக்க என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. நன்றாகவே மாற்றும். ஆனால் மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பதிவேற்றுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வரும். பழைய முறையில் ஒற்றைக்கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவார்கள். யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். கருவி இதைத் திருப்பிப் போடும். ஆனால் மூலக் கோப்பில் கொம்புக்கும் மெய்க்கும் நடுவே ஒரு வரி முறிந்திருந்தால், கொம்பு அநாதையாக ஒரு வட்டத்தோடு தொங்கி நிற்கும். இது கண்ணுக்குத் தெரிகிற பிழை, திருத்திவிடலாம். தெரியாத பிழைதான் மோசம். 'மௌனம்' என்று எழுத வேண்டிய இடத்தில், ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே வைத்து 'மெளனம்' என்று தட்டியிருப்பார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். மெய்ப்பு பார்ப்பவர் கண்ணும் தாண்டிப் போகும். ஆனால் வாசகர் 'மௌனம்' என்று தேடினால் நூலில் அந்தச் சொல்லே இல்லை என்று வரும். உரக்கப் படிக்கும் மென்பொருளோ மெ-ள-னம் என்று வாசிக்கும். ஒரு கவிதைத் தொகுப்பில் இந்தச் சொல் எத்தனை இடத்தில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

ஆகவே மாற்றிய கோப்பில் 'ெள' என்ற சேர்க்கையைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் உடைந்து போகும். படமாக்கிய பழைய நூல்களிலிருந்து எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) மூலம் பிரதி எடுத்தால் இன்னொரு வேலையும் உண்டு: ரகரமும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். அதற்கு மனிதக் கண் மட்டுமே மருந்து.

அடுத்து கோப்பு வடிவம். பலருக்கு மின்னூல் என்றால் பிடிஎஃப். அது தாளின் படம்போல. எந்த அளவில் வடிவமைத்தோமோ அந்த அளவிலேயே நிற்கும். கைப்பேசியில் வாசிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் விரலால் பக்கத்தை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஈபப் என்ற மின்னூல் வடிவில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக ஒழுங்காகும். அது மர்மமான வடிவமும் கிடையாது. ஒரு ஈபப் கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சாதாரண இணையப் பக்கங்கள்தான் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். வாசிப்புச் செயலிகள் எல்லாம் ஒழிந்தாலும் ஒரு உலாவி இருந்தால் படிக்கலாம். பாதுகாக்க எந்த வடிவம் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் ஈபப் என்று சொல்வதற்கு இதுவே காரணம். கூடவே வெறும் யூனிகோடு உரைக் கோப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அழகு இருக்காது, ஆயுள் இருக்கும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை இன்றும் நாம் தேடிப் படிக்க முடிவதற்கு, குறியாக்கம் மாறியபோது அவர்கள் தம் உரைகளையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வந்தது ஒரு முக்கியக் காரணம்.

இனி, நூலாகாத எழுத்து. இணையத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பகுதி. இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் போனது. மின்னஞ்சல் வழியாக உரையாடல் நடந்த யாஹூ குழுமங்கள் 2020-இல் முற்றாக மூடப்பட்டன. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இணையத் தமிழர்கள் இலக்கியம் பேசியதும் சண்டை போட்டதும் பெரும்பாலும் அந்தக் குழுமங்களில்தான். யாராவது எடுத்து வைத்திருந்தால் உண்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டு கழித்துத் திறக்கவில்லை என்றது. இணையத்தில் போட்டது அழியாது என்பார்களே, நாம் மறைக்க நினைப்பதற்கு வேண்டுமானால் அது பொருந்தலாம்!

ஃபேஸ்புக்கில் தொடராக எழுதுகிறவர்கள் அமைப்புகளுக்குள் போய்த் தங்கள் பதிவுகளைப் பதிவிறக்கலாம். அங்கே ஜேசன் (நிரல்களுக்கான தரவு வடிவம்), எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) என இரண்டு வடிவங்களைக் காட்டும். எச்டிஎம்எல்லைத் தேர்ந்தெடுங்கள். ஜேசனில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் குறியாக்கம் குலைந்து வந்து சேர்வது நெடுநாள் சிக்கல். சரிசெய்ய முடியும், ஆனால் நிரல் தெரிந்த ஆள் வேண்டும். பிளாகர் வலைப்பூ என்றால் அமைப்புகளில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் கட்டுரைகளும் பின்னூட்டங்களும் வரும். படங்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக எடுக்க வேண்டும். முக்கியமான கட்டுரைகளின் முகவரியை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் நடத்தும் வேபேக் மெஷின் என்ற பக்கச் சேமிப்பகத்தில் கொடுத்துச் சேமித்து வைப்பது இன்னொரு காப்பு. செலவில்லை. அதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அந்த நிறுவனத்துக்கே நெருக்கடிகள் உண்டு: அது நூல்களைக் கடன் கொடுத்த முறைக்காகப் பெரும் பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கில் 2023-லும், மேல்முறையீட்டில் 2024-லும் தோற்றது.

வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தி நீங்கள் பெறுவது பெரும்பாலும் வாசிக்கும் அனுமதி மட்டும். 2009 ஜூலையில் அமேசான் சில வாடிக்கையாளர்களின் கிண்டில் மின்னூல் கருவியிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களைச் சத்தமில்லாமல் நீக்கியது. அமேசான் தளத்தில் அவற்றை விற்ற நிறுவனத்திடம் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, அமேசானும் மன்னிப்புக் கேட்டது. ஆனால் பாடத்துக்காக அதில் குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு மாணவரின் குறிப்புகள், எந்த வரிக்கு எழுதப்பட்டன என்றே தெரியாமல் வீணாயின. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையையே மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் சேர்ந்தே மறைந்தன. அங்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டம் போட்டுச் சொல்ல வைக்கும் அளவுக்கு விஷயம் மறைந்து கிடந்திருக்கிறது.

இதனால் மின்னூல் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. பயணத்தில் படித்து முடிக்கிற நாவலுக்கு உரிமம் போதும். திரும்பத் திரும்பப் புரட்டுகிற அகராதி, உரைநூல், பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைக்கிற நூல் என்றால் அச்சில் வாங்குங்கள், அல்லது நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுப் போடாத ஈபப் தரும் இடத்தில் வாங்குங்கள். படைப்பாக்கப் பொதும உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும், பகிர அனுமதி தரும் உரிமம்) நூல் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களும் நமக்கு இருக்கின்றன.

எழுத்தாளர்களிடம் கடைசியாக ஒப்பந்தம் பற்றி. கிண்டிலில் நூலேற்றும்போது கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேரச் சொல்லி ஒரு கட்டம் வரும். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கு ஏற்பப் பணம் கிடைக்கும். பதிலுக்கு, 90 நாட்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவில் அதே கதைகள் முழுதாகக் கிடந்தால் அதுவும் மீறல்தான். அந்த 90 நாள் தானாகவே புதுப்பித்துக்கொண்டும் போகும், நீங்கள் போய் நிறுத்தும்வரை. அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. பலர் இந்த நிபந்தனையைப் படிக்காமல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பிறகு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததும் என்னை அழைக்கிறார்கள்.

பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். 2012 திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போட்ட நேரத்தில் புழக்கத்தில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை போகாது. ஆகவே 'அனைத்து வடிவங்களும்' என்ற ஒற்றைச் சொல்லில் கையெழுத்துப் போடாமல் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் இப்போது ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்கிறேன். இன்னொரு வரியும் உண்டு, நான் விடாமல் வலியுறுத்துவது: நூல் வெளிவந்ததும் திருத்திய இறுதி யூனிகோடு கோப்பைப் பதிப்பகம் எழுத்தாளருக்குத் தர வேண்டும். மெய்ப்பில் திருத்தியதெல்லாம் பதிப்பகக் கோப்பில் மட்டும் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் இருப்பது பிழையுள்ள முதல் வரைவு.

எழுதுகிறவர் காலமான பிறகு கடவுச்சொல் தெரியாமல் குடும்பத்தினர் தவிப்பதும் என் வேலையில் அடிக்கடி பார்ப்பது. பதிப்புரிமை இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். நூலோ அவர்களால் திறக்க முடியாத கணக்குக்குள் இருக்கும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதே கூகுள் கணக்கில், நீண்டகாலம் பயன்பாடு இல்லாவிட்டால் நீங்கள் குறிப்பிட்டவர்களுக்குத் தகவலும் கோப்புகளும் போய்ச் சேர ஏற்பாடு செய்யும் அமைப்பு இருக்கிறது. 10 பேர் வரை சேர்க்கலாம். ஃபேஸ்புக்கிலும் ஒருவரை வாரிசுத் தொடர்பாளராக நியமிக்கலாம். சேர்க்கிற ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்தக் கோப்பு இறுதி என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் கரெக்ஷன் 2' என்று மூன்று கோப்புகள் ஒரே உறையில் கிடந்தால் உங்கள் பிள்ளைகளால் மட்டுமல்ல, என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.