தகடு எத்தனை எம்எம் என்பது இரண்டாவது கேள்வி

போன மாதம் எஸ்டேட் ரோட்டிலிருந்து ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். "அடியில 6 எம்எம் இரும்புத் தகடுங்ணா, எப்படி ஆயில் போச்சு?" என்று வண்டிக்காரருக்கு நம்பவே முடியவில்லை. பாறை அடிக்காமல் இருக்க வண்டி அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட்டைத்தான் சொன்னார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். தகட்டில் ஒரு நெளிவுகூட இல்லை, ஆனால் அதைத் தாங்கிய இரண்டு மெல்லிய கிளாம்பும் பிய்ந்து, தகடு அப்படியே மேலே ஏறி எஞ்சின் ஆயில் நிற்கும் வார்ப்பு அலுமினிய சம்ப்பைப் பிளந்திருந்தது. ஆயில் விளக்கு எரிந்தபிறகும் மேடு ஏறிவிடலாம் என்று ஓட்டியிருக்கிறார். எஞ்சின் பேரிங் போய்விட்டது.

கிளாம்ப் எதில் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சேசிஸிலோ, அதன் குறுக்கே போகும் கிராஸ் மெம்பரிலோ பிடித்திருக்க வேண்டும். தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும். நான் மாட்டி முடித்ததும் தகட்டின் நடுவில் ஜாக் வைத்து, யாரையும் அடியில் விடாமல், முன்பக்கத்தை மெதுவாகத் தூக்கிப் பார்ப்பேன். சம்ப்பைத் தொட்டால் மறுபடி வேலைதான். போல்ட் தலை கீழே துருத்தினால் பாறை சீவிவிடும், அப்புறம் கழற்ற கிரைண்டர்தான் கதி.

சரி, எது போடலாம்? 6 எம்எம் இரும்பு சதுர மீட்டருக்கு 47 கிலோ. 3 எம்எம் என்றால் அதில் பாதி, அதே 6 எம்எம் அலுமினியம் 16 கிலோதான். ஆனால் அலுமினியம் பாறையில் வழுக்காமல் கடித்துக்கொள்ளும், இரும்பு சறுக்கிப் போய்விடும். கல் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு, ஓரம் மடித்துப் பிரஸ் பண்ணிய 3 அல்லது 4 எம்எம் இரும்புதான் என் தேர்வு. எப்போதாவது காட்டுப் பாதை, மற்றபடி ஹைவே என்றால் அலுமினியம் போதும். ரேடியேட்டர் அடி, சம்ப், முன் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், முன் பின் வீல்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று முன்னாலிருந்து மூடிக்கொண்டு வாருங்கள்.

சைலன்ஸர் பக்கம் மட்டும் இழுத்து மூட வேண்டாம். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசல் வண்டிகளில் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், தன்னைத் தானே சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி வரை போகும், தகட்டின் மேல் காய்ந்த புல் சேர்ந்திருந்தால் பற்றிக்கொள்ளும். தண்ணீர் வடியவும் ஆயில் டிரெய்ன் செய்யவும் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டையே கழற்றணும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றித்தான் ஆக வேண்டும், போன வாரம் ஒரு வண்டியில் சாந்துச்சட்டி நிறைய ஈர மண், அதற்கு மேலே கிராஸ் மெம்பர் பொரிப்பொரியாகத் துருப்பிடித்துக் கிடந்தது.