ஏறிடலாம் தம்பி, இறங்கணுமே!

மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவை அளக்கப் போயிருந்தோம். நடைபாதையைச் சீரமைக்க யோசனை சொல்லச் சொல்லி அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். காலை ஏழு மணி. பால் பையோடு ஒரு வயதான அம்மா தார் ரோட்டில், வண்டி வரும்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே புதுக் கல் பதித்த நடைபாதை காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, மேலே ஏறி நடக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஏறிடலாம் தம்பி, பத்தடிக்கு ஒருதரம் இறங்கணுமே!" என்றார். முழங்கால் வலிக்காரர்.

அதற்கப்புறம்தான் அளவு நாடாவை எடுத்தேன். ரோட்டிலிருந்து நடைபாதை 28 சென்டிமீட்டர் உயரம். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் கார் ஏற வசதியாக அதை வெட்டிவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு வீடு தாண்ட பன்னிரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நடக்கத் தடையில்லாத அகலமாகக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் 1க்கு 12 என்ற சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளமாக, அமையும். 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் போதும். 28 ஏற 3.36 மீட்டர் ஆகும். அந்த நடைபாதையின் மொத்த அகலமே ஒன்றரை மீட்டர்தான். சாய்தளத்தை எங்கே போடுவது?

நடைபாதை ஏன் இவ்வளவு உயர்ந்தது? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசு போடுவார்கள். ரோடு உயரும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் வாசலை உயர்த்துவார். நடைபாதை போடுகிறவர் அவருக்கு ஈடாக இன்னும் ஒரு வரிசைக் கல் வைப்பார். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை, எல்லோரும் தண்ணீருக்குத்தான் பயந்தார்கள். சுரண்டிய பிறகே ரோடு போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு உத்தரவே போட்டிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உயர்ந்துவிட்டது உயர்ந்ததுதான். ஆக அந்த அம்மாவின் முழங்காலுக்கு மருந்து நடைபாதையில் இல்லை, தார் போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கட்டடக் கலைஞனாக இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். கேட் வாசலில் நடைபாதையை வெட்டாமல் ஒரே மட்டமாகக் கொண்டுபோய், ஓரத்தில் மட்டும் கார் ஏறச் சின்னச் சரிவு கொடுக்கலாம் என்று வரைந்து வைத்திருந்தேன். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது அழகாக வேலை செய்யும். 28க்குக் காரின் அடிவயிறு தட்டும்.

அன்று மாலை சங்கக் கூட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருந்த ஆண்கள். ஒன்றரை மணி நேரம் பார்க்கிங் பற்றியே பேச்சு. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குப் பிரச்சினை அதுதான். ஆனால் அந்தத் தெருவில் அதிகம் நடக்கிறவர்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்காரம்மா, கூரியர் பையன். ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. மக்கள் கருத்தைக் கேட்டாயிற்று என்று அறிக்கையில் எழுதிவிடலாம். நானும் முன்பு சில வேலைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த முறை ரேஷன் கடை வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்தோம். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், விளக்கு போட்ட பிறகு ஒரு தரம். மூன்று வேளைக்கும் அது மூன்று வேறு தெரு. உச்சியில் எல்லோரும் ஒரே ஓரமாக, இருந்த ஒரே வேப்பமரத்தின் நிழலைப் பிடித்துப் போனார்கள். அந்த மரத்தைத்தான் என் முதல் வரைபடத்தில் 'இடையூறு' என்று குறித்திருந்தேன்.

வேலைக்கு வரும் பெண்களிடம் பேசியபோது வேறொன்று வந்தது. காலையில் கிளம்பும்போது அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நாலு வீடு முடிக்கும்வரை போக இடமில்லை. சிறுநீர்த் தொற்று எங்கிருந்து வருகிறது என்று டாக்டர் கேட்பார், தெருவை வரைகிறவர் கேட்பதில்லை. நான் கொண்டுபோன கேள்வித்தாளில் கழிப்பறை பற்றி ஒரு வரிகூட இல்லை.

மஞ்சள் நிற மேடு ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடு என்றால் 'நேரே போ', புள்ளி என்றால் 'நில், கவனி'. பார்வையற்றவர்களுக்காக ஜப்பானியரான செய்இச்சி மியாகே உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரத்தில் முதலில் பதித்தார்கள். நம் ஊரில் கோடு நேரே டிரான்ஸ்பார்மரில் போய் முட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடு பதித்ததற்கு பில் வந்திருக்கும்; யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்திருக்க மாட்டார்கள். டூ வீலர் ஏறாமல் தடுக்கும் கம்பங்களும் அப்படித்தான். இடைவெளி 90 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சக்கர நாற்காலி தடுமாறும். அகலமாக விட்டால் புல்லட்டே நுழையும். இதற்கு எனக்கும் நல்ல விடை கிடைத்தபாடில்லை.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப் பாதை போட்டார்கள். கடலைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் முகத்தை மறக்க முடியாது. டிசம்பரில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். எனக்குள்ள ஒரே குறை: வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை 28 சென்டிமீட்டரைத் தாண்ட முடியாதவர் அந்தக் கடலுக்கு எப்படி வந்து சேருவார்?

உங்கள் தெருவில் தார் போடப்போவதாகத் தெரிந்தால் முந்தின நாளே வாசல் படியின் பக்கச் சுவரில், இப்போதுள்ள ரோட்டு மட்டத்துக்குப் பெயின்டில் ஒரு கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்துவையுங்கள். சுரண்டினார்களா என்று வார்டு அலுவலகத்தில் சண்டை போட வேண்டியதில்லை, கோடே சொல்லும். அந்தத் தெருவிலும் போட்டோம். போன வருடம் சுரண்டிவிட்டுத்தான் போட்டார்கள், கோடு அதே இடத்தில் தெரிகிறது. நடைபாதை இன்னும் 28தான். அந்த அம்மா ரோட்டில்தான் நடக்கிறார்.