பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி என்று எங்கள் கடற்கரையில் எந்த ஊரானாலும், அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீட்டுக்கு என்றாவது ஒரு நாள் தகவல் வரும்: "பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், தவறாமல் வாங்க." ஊருக்குள் இதற்குப் பெயர் கமிட்டி.

என் முதல் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நீள நோட்டு வந்தது. பக்கத்தின் தலையில் தேதி, அடியில் எங்கள் பெயர்கள், நடுவில் ஒன்றுமில்லை. "அப்புறம் எழுதிக்கிறோம்மா, நீங்க போடுங்க" என்றார்கள். போட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா அன்று கடலில் பாசி எடுத்துவிட்டு நேராக வந்தவர். விரலில் சுற்றிய துணியை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் அப்படியே பேனாவைப் பிடித்துப் போட்டார். அடுத்த மாதம் அதே பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளியில் குடிநீர் வசதி போதுமானதாக உள்ளது என்று எழுதியிருந்தது. கீழே எங்கள் கையெழுத்து. அந்த மாதம் முழுவதும் என் மகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள். பள்ளிக் குழாயில் வந்தது உப்புத் தண்ணீர்.

அதற்குப் பிறகுதான் இந்தக் குழு என்ன, எதற்கு என்று தேடிப் படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆவது பிரிவுதான் இந்தக் குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். மீதி இடங்களில் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி போன்றவர்கள் வருவார்கள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர். 2024இல் அது 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு. தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டி நடத்தித் தருபவர். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை, தலைமையாசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் கூட்டம் என்றே நினைத்திருந்தேன்.

மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். அது ஆபீஸ் அறைக்குள் மட்டும் நடக்கும் வேலை இல்லை. விசைப்படகு கடலுக்குப் போகும் முன் டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, வலை சரியாக இருக்கிறதா, யார் யார் வருகிறார்கள், காற்று எப்படி என்று பார்ப்பது மேலாண்மை. கரைக்கு வந்ததும் செலவைக் கழித்துவிட்டு எல்லார் முன்னாலும் பங்கு பிரிப்பதும் மேலாண்மை. முன்கூட்டியே யோசிப்பது, வேலையைப் பகிர்வது, நடக்கிறதா என்று பார்ப்பது, கணக்குச் சொல்வது. பள்ளிக்கும் இதேதான். பாடம் நடத்துவது ஆசிரியர் வேலை, அதில் நாம் தலையிட முடியாது. பாடம் நடக்க என்னென்ன வேண்டுமோ அவை இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் வேலை.

சட்டம் குழுவுக்குக் கொடுத்த முக்கியப் பொறுப்புகள் மூன்று: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. இதில் வளர்ச்சித் திட்டத்தைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம். அது மூன்று ஆண்டுக்கான திட்டம். எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், எந்தக் கட்டடம், எந்த வசதி, எவ்வளவு பணம் என்று ஆண்டுவாரியாக எழுத வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அதாவது டிசம்பருக்குள். நமக்கு அது வாடைக்காற்றும் புயல் எச்சரிக்கையுமான காலம், கூட்டம் தள்ளிப்போகும். அதனால் அக்டோபரிலேயே பேச்சை எடுத்துவிடுங்கள்.

கணக்குப் போடச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சேர்த்து 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட இடம், நூலகம் எல்லாம் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளி நடக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது. ஆசிரியருக்காக நாம் நின்று பேச வேண்டிய இடம் இது.

இனி தீர்மானம். "பள்ளியில் தண்ணீர் சரியில்லை" என்று எழுதினால் அது குறை, அவ்வளவுதான். எங்கள் குழு பிறகு எழுதியது வேறு மாதிரி. குழாயில் வருவது உப்பு நீர், பிள்ளைகள் இத்தனை பேர், காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் தெருமுனை வரை வந்திருக்கிறது, அங்கிருந்து பள்ளிக்கு இணைப்பும் ஒரு தொட்டியும் வேண்டும், கேட்பது ஊராட்சியிடம், போய்ப் பேசுவது வார்டு உறுப்பினரும் இரண்டு தாய்மார்களும், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரே பக்கத்தில். அதன் நகலை கிராம சபையிலும் கொடுத்தோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும் என்பதால் தேதி பார்த்துத் தீர்மானம் போடுவது நல்லது. இணைப்பு வர ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு மாதமும் நோட்டில் அதே கேள்வி, பக்கத்தில் என்ன பதில் வந்தது என்ற வரி.

கூட்டம் மாதம் ஒருமுறை நடக்க வேண்டும், நடந்ததை எழுதிய குறிப்பு பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும். உறுப்பினராக இல்லாதவரும் கேட்டுப் படிக்கலாம். நேரத்தைப் பற்றியும் வாய்திறந்து பேசுங்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும்; நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள். எந்த நாள் வைத்தாலும் யாராவது கடலில் இருப்பார்கள், அதனால் இரண்டு தொழில்காரர் வீட்டிலிருந்தும் ஆள் இருக்கும்படி குழுவை அமைப்பதுதான் வழி. பனைத்தொழிலுக்குக் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போகிறவர்கள் சாயல்குடிப் பக்கம் உண்டு. அவர்கள் பிள்ளைகள் எத்தனை நாள் வரவில்லை என்று பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதும் இந்தக் குழுதான்.

ஒரு எச்சரிக்கை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் 2012 சட்டத் திருத்தத்தின்படி குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கரையில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் குழுவே கட்டாயம் இல்லை. உங்கள் பிள்ளையின் பள்ளி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழுவில் சொல்லியும் நடக்காவிட்டால் 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாசி எடுக்கும் அந்த அக்காவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. இப்போதெல்லாம் நோட்டு அவர் கைக்கு வந்ததும், "வாசிங்க சார், கேட்டுட்டுப் போடுறேன்" என்கிறார். வாசித்து முடிக்கும்வரை பேனா மூடியைத் திறப்பதில்லை.