மறைந்திருக்கும் கோப்பெல்லாம் வைரஸ் இல்லை

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் எங்களிடம் வருகிற மடிக்கணினிகளில் கொஞ்சம் தானாகப் பழுதானவை அல்ல. வீட்டில் யாரோ துப்புரவு செய்ததால் வருபவை. சி டிரைவ் நிரம்பிவிட்டது, யூரியூப்பில் பார்த்து மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்தோம், பெயர் விளங்காதவற்றை அழித்துவிட்டோம் என்பார்கள். அழித்தவர் பெரும்பாலும் வீட்டில் 'கொம்பியூட்டர் தெரிந்த' உயர்தரம் படிக்கும் பிள்ளைதான்.

வின்டோஸ் சில கோப்புகளை மறைத்து வைப்பது, நாம் கைதவறி அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே. அதிக இடம் பிடிப்பவை இரண்டு. பேஜ்ஃபைல் என்பது ரம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், போதாதபோது வின்டோஸ் கைகொடுக்கக் கூப்பிடும் டிஸ்க் இடம். 4 ஜிபி ரம் உள்ள கணினியில் அதை நிறுத்திவிட்டு, ஸூம் வகுப்போடு குரோமையும் திறந்தால் ஏதாவது ஒன்று நடுவில் மூடிக்கொள்ளும். மற்றது ஹைபர்ஃபில். திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்கான கோப்பு அது. வின்டோஸ் 10இல் இது வழக்கமாக ரம்மின் 40 வீத அளவு இருக்கும். ஹைபர்னேட் வசதியை முறைப்படி நிறுத்தினால் அந்தக் கோப்பும் போய்விடும். ஆனால் கணினி விரைவாகத் தொடங்கும் வசதியும் சேர்ந்து போகும். கரண்ட் இல்லாத நேரத்தில் பற்றரி தீர்ந்தால், திறந்திருந்த வேலையைக் காப்பாற்றவும் வழியிராது. மடிக்கணினியில் அதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து.

"அழிக்க அழிக்க வருகுது, வைரஸ்தானே அண்ணை?" என்று கேட்கப்படுவது 'டெஸ்க்டாப்.இனி' என்ற கோப்பைப் பற்றி. ஒரு ஃபோல்டர் எப்படித் தெரிய வேண்டும் என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். விட்டுவிடுங்கள். ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டர் அப்படி இல்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் அதற்குள்தான். அதை அழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கத்தான் மனம் கஷ்டப்படும்.

2002இல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. கரடிப் பொம்மைச் சின்னம் உள்ள கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றது. அது வின்டோஸோடு வந்த, ஜாவா சார்ந்த சாதாரணக் கோப்பு. நம்பியவர்கள் தங்கள் கையாலேயே அழித்தார்கள். இன்று அப்படியான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பியவர் யாராக இருந்தாலும் முதலில் ஒருவரிடம் கேளுங்கள்.

இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய்த் தற்காலிகக் கோப்புகளை அங்கிருந்தே அழிக்கலாம். பதிவிறக்கங்களுக்கான பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் காலியாகிவிடும்.

பென்ட்ரைவில் பரவும் ஒருவகை உண்மையான வைரஸ் மறைப்பது உங்கள் சொந்தக் கோப்புகளைத்தான். ஒரு ரீச்சர் வினாத்தாள்களைப் பிரிண்ட் எடுக்கக் கொம்யூனிகேஷன் கடைக்குப் பென்ட்ரைவைக் கொண்டுபோகிறார். வீட்டுக்கு வந்து திறந்தால் தரம் 10, தரம் 11 என்று எல்லாப் பெயரும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சின்னத்தின் இடது கீழ் மூலையிலும் சின்ன அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கேபி. அவை ஃபோல்டர்கள் அல்ல, வேறொன்றைத் திறக்கும் ஷோர்ட்கட்கள். ஒன்றைத் திறந்தால் வைரஸும் ஓடும், உண்மையான ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. அப்புறம் அந்தக் கணினியில் செருகும் அடுத்த பென்ட்ரைவும் இப்படியே ஆகும்.

எல்லாம் போய்விட்டது என்று நினைத்து ஃபோர்மட் செய்வதுதான் பெரிய இழப்பு. டிரைவில் நிரம்பியிருக்கும் இடம் குறையவில்லை என்றால் கோப்புகள் அநேகமாக உள்ளேயே இருக்கும். ஷோர்ட்கட் எதையும் திறக்காமல் முதலில் வின்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில், மறைந்தவற்றைக் காட்டும்படி செய்வதோடு, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தையும் எடுங்கள். வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை சிஸ்டம் கோப்பாகவும் குறித்துவைப்பதால் முதலாவது மட்டும் போதாது. மங்கலாகத் தெரிபவற்றில் உங்கள் ஃபோல்டர்கள் இருக்கும். சிலவேளை எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். அவற்றை வேறிடத்துக்குக் கொப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகு ஃபோர்மட் செய்யலாம். அந்த இரண்டு அமைப்பையும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

பிரிண்ட் எடுக்கப் போகும்போது அந்த ஆவணம் மட்டும் உள்ள ஒரு தனிப் பென்ட்ரைவைக் கொண்டுபோங்கள். வினாத்தாள்கள் உள்ளது வீட்டிலேயே இருக்கட்டும்.